பிடிக்கத் தெரியாத கைகள்

புருவக்காவை நான் முதலில் பார்த்தபோது அவர் ஒரு தலையை மடியில் வைத்துக்கொண்டு அதன் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். துணிக்கடை வாசலில் நிறுத்தும் பொம்மையின் தலை அது. "உக்காரும்மா. அந்த இடுப்பை நகர்த்திட்டு உக்காரு" என்றார். ஸ்டூலின்மேல் ஒரு பெண் பொம்மையின் இடுப்பு மட்டும் இருந்தது. அதைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அவர்களுடைய பட்டறை. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உத்தரத்தில் கால்கள் தொங்கும். சுவரோர அலமாரியில் கைகள் இடம், வலம் என்று பிரித்து அடுக்கியிருக்கும். ஃபைபர் ஒட்டும் ரெசின் பசையின் வாடை மூக்கில் ஏறும். எதைத் தொட்டாலும் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டும். கொட்டகையின் கடைசியில் ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கம் வீடு.

அக்கா அந்தப் பட்டறைக்கு உப்புத்தாள் தேய்க்கத்தான் வந்தார், பள்ளிக்கூடம் முடித்த கையோடு. ஒருநாள் பெயிண்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார். லாரி வாசலில் நிற்கிறது, முகம் எழுதாத பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இந்தப் பெண் தூரிகையை எடுத்துப் புருவம் வரைய ஆரம்பித்தது. வரைந்த பிறகு முதலாளி ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டு, "இதுங்க எல்லாம் ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கே" என்றாராம். அன்றிலிருந்து புருவம். பிறகு வயதுக்கு மரியாதையாகப் புருவக்கா.

அந்த முகங்களுக்கு அச்சு எடுத்தவர்தான் அவர் கணவர். களிமண்ணில் உருவம் பிடித்து, பிளாஸ்டரில் அச்சு வார்த்து, அதற்குள் ஃபைபர் ஒட்டி எடுப்பது அவர் வேலை. பட்டறையில் எல்லாருக்கும் அவர் அச்சண்ணன். அவர் மூஞ்சியைக் கொடுத்தார், அக்கா முழியைக் கொடுத்தார், மிச்சம் இருந்தது கல்யாணம்தான் என்று அந்தக் காலத்துக் கேலி. முதலாளி மகனோடு வேறு ஊருக்குப் போனபோது பட்டறையை இவர்கள் கையில் விட்டுவிட்டுப் போனார்.

நான் அங்கே போன வருடத்துக்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு காலையில் பிளாஸ்டர் கலக்கும்போதே அண்ணன் வாளியோடு சரிந்து விழுந்திருக்கிறார். பக்கவாதம். பேச்சு திரும்பி வந்தது, கொஞ்சம் நிதானமாக. தடி ஊன்றி நடக்கவும் முடிந்தது. வலது கை மட்டும் மூடிக்கொண்டது. விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகி, கட்டைவிரல் அவற்றின்மேல் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டது. அதன்பிறகு அவர் பட்டறைப் பக்கம் வரவேயில்லை. யார் கேட்டாலும் அக்கா, "தூங்குறாரு" என்பார். காலையில் கேட்டாலும் தூங்குறார், மாலையில் கேட்டாலும் தூங்குறார். வெளியூர் அச்சுக்காரர் ஒருவர் வாரத்துக்கொரு முறை வந்து போனார். அவருடைய அச்சில் வந்த பொம்மைகளுக்குக் காது ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருக்கும். அக்கா முடியைப் போட்டு மறைப்பார்.

நான் அருங்காட்சியகத்தில் காட்சிப் பலகைகள் எழுதுகிறேன். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் இரண்டு மொழியில் நாலைந்து வரி. அந்த வருடம் புதிதாக ஒரு கூடம் திறக்க ஏற்பாடு நடந்தது: எங்கள் நாட்டுக்கு மனிதர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைக் காட்டும் கூடம்.

எங்கள் நாட்டுக்கு நாலு பக்கமும் கடல். ஒரு கண்டம் அளவுக்குப் பெரிய தீவு. கடல் மட்டம் மிகவும் தாழ்ந்திருந்த காலத்தில்கூட வடக்கே இருந்த சிறு தீவுகளுக்கும் எங்கள் கரைக்கும் இடையே ஆழமான நீர் இருந்தது. அந்தக் கரையிலிருந்து பார்த்தால் இந்தக் கரை தெரியாது. ஆகவே யாரும் நடந்து வந்திருக்க முடியாது, மிதந்துதான் வந்தாக வேண்டும். வடகரையின் குகை ஒன்றில், இடிந்து விழுந்த பாறைக்கு அடியில், அவர்கள் மூட்டிய அடுப்பின் கரி கிடைத்திருக்கிறது. அந்தக் கரிக்குள் சுட்டு இறுகிய களிமண் கட்டி ஒன்று. அதில் முறுக்கிய கயிற்றின் தடம். வந்தவர்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்: தீ மூட்டினார்கள், கயிறு திரித்தார்கள்.

கூடத்தின் நடுவில் ஒரு மூங்கில் தெப்பம், அதன்மேல் ஆளுயர உருவங்கள். இதுதான் திட்டம். கூடத்துக்குப் பொறுப்பான ஆய்வாளரை எல்லாரும் புரொபசரம்மா என்போம். அவ்வளவு உடல்களைக் குறித்த காலத்துக்குள் செய்து தரக்கூடிய பட்டறை ஊரில் வேறு இல்லை என்பதால் அவர் புருவக்காவைப் பிடித்தார்.

முதல் பேச்சே சண்டையாகத்தான் இருந்தது.

"என்ன நிறம் மேடம்?"

"தெரியாது."

"முடி சுருட்டையா, நீட்டமா?"

"அதுவும் தெரியாது. எலும்பு எதுவும் கிடைக்கலை."

"சரி, தெரியாத கலர்னு ஒரு டப்பா இருந்தா வாங்கிக் கொடுத்துடுங்க. நான் அடிச்சுத் தர்றேன்."

புரொபசரம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அபூர்வம். வெயிலிலும் உப்புக்காற்றிலும் இருந்தவர்களின் நிறம், ஒரு குடும்பத்துக்குள் இருக்கும் அளவுக்கு வேறுபாடு, சாதாரண முகங்கள் என்று முடிவாயிற்று. "ஆம்பளைங்க மட்டும் வந்து வம்சம் விருத்தியாகாது. பொம்பளைங்க, பிள்ளைங்க, வயசானவங்க எல்லாரும் இருக்கணும். வழிதவறி வந்தவங்க இல்லை, வரணும்னு கிளம்பி வந்தவங்க" என்று புரொபசரம்மா சொன்னார். அக்கா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப சாமான் சட்டியோட வந்திருப்பாங்க" என்று மட்டும் சொன்னார்.

உருவங்களைக் கூடத்துக்குக் கொண்டுபோன அன்று நானும் அங்கே இருந்தேன். லாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கித் தெப்பத்தில் நிறுத்தினார்கள். முகங்கள் அருமையாக இருந்தன. ஒரு கிழவர் எதையோ மறந்துவிட்டு யோசிப்பதுபோல் இருந்தார். ஒரு பெண் யாரையோ அதட்டப் போகிறாள். பிறகு துடுப்பை ஒரு உருவத்தின் கையில் வைத்தார்கள். கீழே விழுந்தது. மறுபடி வைத்தார்கள். மறுபடி விழுந்தது. குழந்தையைத் தாயின் கையில் வைத்தால் அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. கயிற்றைப் பிடிக்க வேண்டியவரின் கை கயிற்றுக்கு மேலே நாசூக்காக மிதந்தது.

துணிக்கடை பொம்மையின் கைக்கு ஒரே ஒரு வேலைதான். சட்டைக் கைக்குள் சிக்காமல் நுழைந்து வெளியே வரவேண்டும். அதற்காக விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, லேசாக வளைந்து, உள்ளங்கை தட்டையாக இருக்கும். விரல் மடங்கியிருந்தால் கடைக்காரர் திட்டுவார், துணி கிழியும். அக்காவுக்கும் பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் கை என்றால் அதுதான். பல வாரம் அந்த உருவங்களோடேயே இருந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. தெப்பத்தின் வரைபடத்தைப் பார்த்து உடம்பைச் சாய்த்தார்கள், முழங்காலை மடக்கினார்கள், கைக்கு மட்டும் அலமாரியிலிருந்த பழைய அச்சையே எடுத்திருந்தார்கள்.

புரொபசரம்மா தெப்பத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இவங்க கடலைத் தாண்டி வந்த மாதிரி தெரியலை. ஷாப்பிங் வந்த மாதிரி இருக்கு."

முதலில் சிரித்தது அக்காதான். திரும்பும்போது நானும் அவர்களோடு லாரியில் வந்தேன். பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கும் பெண்மணி ஒருவர் உண்டு. அக்காவைவிட மூத்தவர், தேய்ப்பம்மா என்று கூப்பிடுவோம். அவர்தான் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாரும் கையை விரிச்சுட்டாங்களே" என்று ஒரு முறை பெருமூச்சு விட்டார்.

மறுநாளிலிருந்து பட்டறையில் கையச்சு எடுக்கும் வேலை ஆரம்பித்தது. பல் மருத்துவர்கள் பல்லுக்கு அளவெடுக்கும் பொடி ஒன்று உண்டு. தண்ணீரில் கரைத்தால் கூழாக வரும், சில நிமிடத்தில் ரப்பர்போல் இறுகிவிடும். ஆளைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, கையைக் கயிற்றோடு அந்தக் கூழில் முக்க வேண்டும். லாரி டிரைவர் வந்தார். டயர் கடைக்காரர் வந்தார். தேய்ப்பம்மாவும் கை கொடுத்தார். கூழில் கை இருக்கும்போதுதான் எல்லாருக்கும் மூக்கு அரிக்கும்.

"அக்கா, கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க."

"ஆடாத! ஆடினா உனக்கு ஆறு விரல் வரும்."

எடுத்துப் பார்த்தால் எல்லாம் கைதான். நகம், ரேகை, தழும்பு எல்லாம் இருந்தது. ஆனால் ஒன்றுகூடக் கயிற்றைப் பிடிக்கவில்லை. பிடி என்றால் பிடிப்பார்கள், கூழ் இறுகுவதற்குள் தளர்ந்துவிடுவார்கள். வெறுமனே ஒரு கயிற்றை யாருக்குத்தான் உயிரைக் கொடுத்துப் பிடிக்கத் தோன்றும்? டிரைவரின் கையை வார்த்து எடுத்தபோது உள் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அந்தக் குரலை நான் அன்றுதான் முதலில் கேட்டேன்.

"அது கயிறு பிடிச்ச கை இல்லை. ஐஸ்கிரீம் பிடிச்ச கை."

டிரைவர் சிரித்தார். அக்கா எழுந்துபோய்க் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார்.

கூடம் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கை சரியாக வராவிட்டால் உருவங்கள் இல்லாமல் வெறும் தெப்பத்தை மட்டும் வைத்துவிடலாம் என்று அலுவலகத்தில் பேச்சு வந்துவிட்டது. புரொபசரம்மா அதைத் தள்ளிப்போட்டுவிட்டு, குகையில் கிடைத்த களிமண் கட்டியின் நகல் ஒன்றை என்னிடம் கொடுத்தார். "இதை அந்தம்மாகிட்ட கொடு. கயிறு எவ்வளவு தடிமன்னாவது தெரியும்."

நான் போனபோது அக்கா பொடி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். தேய்ப்பம்மா மட்டும் இருந்தார். உள்ளிருந்து, "யாரு அது?" என்று கேட்டது.

"மியூசியத்துல எழுதுற பொண்ணு அண்ணே. ஏதோ மண்ணாங்கட்டி கொண்டாந்திருக்கு."

"உள்ள வரச் சொல்லு."

தேய்ப்பம்மா என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "அக்கா வந்தப்புறம்..."

"அக்கா இல்லைல்ல? அதான் வரச் சொல்லுன்றேன்."

சின்ன அறை. கட்டில், ஜன்னல், ஜன்னல் கட்டையில் ஈரத்துணி போர்த்திய ஒரு உருண்டைக் களிமண். அண்ணன் சவரம் செய்த முகத்தோடு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே கிளம்பத் தயாரானவர்போல் இருந்தார். வலது கைமேல் ஒரு துண்டு கிடந்தது. நகலை இடது கையால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அச்சுல்ல?"

ஆமாம் என்றேன். அவர் ஜன்னலிலிருந்து கொஞ்சம் களிமண்ணைக் கிள்ளி அந்தத் தடத்தில் வைத்து அழுத்தி, நகத்தால் ஓரத்தைத் தூக்கி எடுத்தார். முறுக்கிய கயிறு களிமண்ணில் எழுந்து வந்தது, இரண்டு புரி. அருங்காட்சியகத்திலும் இதே மாதிரி எடுத்து வைத்திருக்கிறார்கள், கண்ணாடிப் பெட்டியில். நான் தினமும் பார்க்கிறதுதான். ஆனால் அது ஒருவர் விரலிலிருந்து எழுந்து வந்ததைப் பார்த்ததில்லை.

"எவ்வளவு பழசு?"

சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எப்படி வந்தாங்க? முழுசாச் சொல்லு."

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் இரண்டு மொழியில் பலமுறை எழுதி அடித்துத் திருத்திய கதை என்பதால் சொல்ல வந்தது. வடக்குத் தீவுகளில் இருந்தவர்கள் தெற்கே அடிவானத்துக்குப் பின்னால் புகையைப் பார்த்திருக்கலாம். மின்னல் விழுந்து எங்கள் காடுகள் எரிந்த புகை. புகை இருந்தால் காடு இருக்கும், காடு இருந்தால் தரை இருக்கும். பறவைகளும் அந்தத் திசைக்குப் போயிருக்கும். காற்று மாறும் பருவத்துக்குக் காத்திருந்து மூங்கிலைக் கட்டிக் கிளம்பியிருப்பார்கள். வந்து சேர்ந்தவர்கள் கரையோரமாகவே பரவி, ஆறுகளைப் பிடித்து உள்ளே போனார்கள். கடல் பக்கமே போகாத வறண்ட நடுநிலத்தில்கூட வடகடல் சிப்பியில் செய்த மணி கிடைத்திருக்கிறது. கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. அவர்கள் முதலில் இறங்கிய கரை இப்போது தண்ணீருக்கு அடியில். வெகுகாலம் கழித்துக் கிழக்கிலிருந்து இன்னொரு கூட்டம் பாய்மரப் படகில் நாய்களோடு வந்தது. இப்போது இருக்கும் நாமெல்லாம் இரண்டு கூட்டமும் கலந்தவர்கள்.

அண்ணன் பாய்மரத்தையும் நாயையும் விட்டுவிட்டார். "அந்த முதல் தெப்பத்துல எங்க தூங்கினாங்க?"

"தெரியாது. மூங்கில் மேலதான்."

"தூங்கினா உருண்டு விழுந்துடுவாங்களே."

"கயிறைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கியிருப்பாங்க."

"தூக்கத்துல கை விட்டுடும்." அவர் துண்டை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். "இது விடாது."

அப்போது அக்கா வந்துவிட்டார். வாசலில் என்னைப் பார்த்ததும் முதலில் அந்தத் துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டார். பிறகுதான் என்னிடம், "வாம்மா, வெளியில உக்காரலாம். அவருக்கு அசதி" என்றார்.

"எனக்கு அசதின்னு யார் சொன்னா?"

"என்னங்க, அந்தப் பொண்ணு முன்னாடி..."

"முன்னாடிதான் சொல்லணும். ரெண்டு வருஷமா நான் தூங்கிக்கிட்டே இருக்கேனாம். ஊர்ல எவனும் இவ்வளவு தூங்கியிருக்க மாட்டான்."

தேய்ப்பம்மா பட்டறையில் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். நான் எழுந்து வெளியே வந்தேன். கதவு மூடவில்லை. கேட்காமல் இருக்க வழியும் இல்லை.

அவர் யாரையும் பார்க்க விரும்பாமல் உள்ளே இருக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அக்காவும் அப்படித்தான் எங்களை நினைக்க விட்டிருந்தார். உள்ளே நடந்த பேச்சில்தான் விஷயம் புரிந்தது. அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போன முதல் மாதத்தில் ஒரு பழைய வாடிக்கையாளர், பெரிய துணிக்கடைக்காரர், பார்க்க வந்திருக்கிறார். அண்ணனிடம் பேசாமல் அக்காவிடமே, "சாப்பிடுறாரா? புரியுதா அவருக்கு?" என்று கேட்டிருக்கிறார். போகும்போது அந்த மூடிய கையை எடுத்துக் குலுக்கப் பார்த்து, விரலைப் பிரிக்க முடியாமல் முகத்தைச் சுளித்திருக்கிறார். அன்றைக்கு அக்கா முடிவு செய்துவிட்டார், இனி ஒருவரும் அந்தக் கையைப் பார்க்கக் கூடாது என்று. அதை அவர் அண்ணனிடம் கேட்டு முடிவு செய்யவில்லை.

"அந்த ஆளு பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கலைங்க."

"எனக்கு அன்னிக்கே மறந்துபோச்சு. கதவைச் சாத்துறது நீதான். எனக்கு வெட்கம்னு நீயா நினைச்சுக்கிட்டே." மறுபடி அவர் குரல், மெதுவாக. "என்னைக் குளிப்பாட்டுறே. சோறு பிசைஞ்சு வைக்கிறே. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா இந்த ரெண்டு வருஷத்துல எனக்கு ஒரு வேலை கொடுத்தியா நீ? பக்கத்து ரூம்ல எவனோ காதை மேலயும் கீழயும் வச்சு அச்சு எடுக்கிறான். எனக்குக் கேக்குது. பிளாஸ்டர் கலக்குற சத்தத்துலயே தண்ணி அதிகம்னு தெரியுது."

அண்ணன் தடியைத் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது.

"என் கையை எடுத்துக்கோ. தெப்பத்துல கயிறு பிடிக்கிற ஆளுக்கு இதுதான் சரி."

"உங்க கையைக் கொண்டுபோய் ஊருக்குக் காட்டவா?"

"நான் வேலைக்குக் கொடுக்கிறேன். காட்டுறதுன்னு நினைக்கிறது நீ."

நான் கிளம்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா வெளியே வந்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்ததில் இமையெல்லாம் வெள்ளைத் தூள். "வெந்நீர் வைங்க" என்று தேய்ப்பம்மாவிடம் சொன்னார். பிறகு அலமாரிக்குப் போய்ப் பெரிய வாளியை எடுத்தார்.

அண்ணன் தடி ஊன்றிப் பட்டறைக்குள் வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். உத்தரத்தைப் பார்த்து, "காலை ஏன் இப்படித் தொங்கவிட்டிருக்கீங்க, கசாப்புக் கடை மாதிரி?" என்றார். ஸ்டூலில் இருந்த இடுப்பைத் தேய்ப்பம்மா ஓடிப்போய் அகற்றினார்.

அந்தக் கைக்குள் கயிற்றை வைப்பதே பெரிய வேலை. அக்கா அதை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினார். அப்படி மடக்கினால் விரல்கள் தாமாகக் கொஞ்சம் தளரும். தினமும் உள்ளங்கையைக் கழுவிவிட அப்படித்தான் திறப்பார் போலிருக்கிறது. சுண்டுவிரல், மோதிரவிரல் என்று ஒவ்வொன்றாகத் தூக்கி, புரி முறுக்கிய கயிற்றை உள்ளே செலுத்திவிட்டு மணிக்கட்டை நிமிர்த்தினார். விரல்கள் கயிற்றின்மேல் மூடிக்கொண்டன. அக்காவைக் கடைத்தெருவிலிருந்து கூட்டிவந்த டிரைவர் கயிற்றின் முனையை விளையாட்டாக இழுத்துப் பார்த்தார். கயிறு அசையவில்லை, அண்ணன் ஸ்டூலோடு நகர்ந்தார்.

"டேய், ஆளையே இழுத்துட்டுப் போயிடாத" என்றார் அண்ணன்.

கூழைக் கலக்கும்போதே சண்டை. தண்ணீர் அதிகம் என்றார் அண்ணன். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுதான் என்றார் அக்கா. "பொட்டலம் பல்லுக்கு எழுதினது. இது பல்லா?" அண்ணன் சொன்னபடியே கலந்தார்கள். கையை இறக்கினார்கள். ஒருவருக்கும் மூக்கு அரிக்கவில்லை. இறுகியதும் அக்கா ஓரத்தில் பிளேடால் கீறித் திறந்து, கையைக் கயிற்றோடு எடுத்து, ஈரத் துணியால் விரல் இடுக்கெல்லாம் துடைத்துவிட்டார். அந்தத் துண்டை மறுபடி அதன்மேல் போடவில்லை.

மறுநாள் வார்த்து எடுத்த கையை நான்தான் புரொபசரம்மாவிடம் கொண்டுபோனேன். முட்டிகள் புடைத்து, நரம்பு எழுந்து, கட்டைவிரல் மற்ற விரல்களின்மேல் ஏறிப் பூட்டியிருந்தது. அவர் அதை மேசையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அன்று மாலையே பட்டறைக்கு வந்தார். அக்காவைப் பார்க்காமல் நேராக அண்ணனிடம் போனார்.

"இது உங்க கையா?"

"ஆமா மேடம். வாடகைக்கு விட்டிருக்கேன்."

"மத்தவங்க கை?"

"அதுவும் வரும். நம்ம ஆளுங்களைச் சும்மா பிடிங்கன்னா பிடிக்க மாட்டாங்க. லாரியில கயிறைக் கட்டி இழுக்கச் சொல்லணும். இழுக்கிறப்பவே எடுக்கணும்."

அப்படியே எடுத்தார்கள். டயர் கடைக்காரர் லாரியின் பின்னால் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்க, தேய்ப்பம்மா ஓடிப்போய் அவர் கையைச் சுற்றிக் கூழை அப்பினார். குழந்தையைத் தூக்கும் கைகளுக்கு ஒரு மூட்டை மணல். துடுப்புக்காரருக்கு ஒரு மண்வெட்டி. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் சைகை காட்டிக்கொண்டே இருந்தார். வெளியூர் அச்சுக்காரரை யாரும் நிறுத்தவில்லை. அவரே பார்த்துவிட்டு, "அண்ணன் வந்துட்டாரு, எனக்கு இனிமே என்ன வேலை" என்று கிளம்பப் பார்த்தார். "காது வைக்கக் கத்துக்கிட்டுப் போ" என்று அண்ணன் அவரை உட்கார வைத்துவிட்டார்.

"ரெண்டு வருஷம் வாயைத் திறக்காத மனுஷன்" என்று அக்கா என்னிடம் முணுமுணுத்தார். "இப்ப மூடுறதே இல்லை. காலையில எழுந்ததுல இருந்து குறைதான். நான் வரையற புருவத்துலயும் குறை சொல்றாரும்மா. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் சொன்னதில்லை." சொல்லிக்கொண்டே ஒரு முகத்தின் புருவத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தார்.

அண்ணன் கைக்குரிய உருவத்தைத் தெப்பத்தின் பின்பக்கம் வைத்தார்கள், எல்லாரும் தூங்கும்போது விழித்திருக்கிறவராக. அதற்குப் புதிதாக முகம் எழுதியபோது அக்கா அண்ணனைப் பார்த்து எழுதவில்லை. அது ஒரு நடுத்தர வயதுப் பெண்ணின் முகம். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "கை என்னது, மூஞ்சி உன் சாயலா?" என்றார். அக்கா இல்லவே இல்லை என்றார். தேய்ப்பம்மா மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கூடம் குறித்த நாளில் திறந்தது. பின்பக்க உருவத்துக்கு நான் எழுதிய பலகையில் மூன்று வரிதான். கடல் மட்டம், காற்று, புகை எல்லாம் மற்ற பலகைகளில் இருக்கின்றன. இதில், இவர்கள் கயிறு திரிக்கத் தெரிந்தவர்கள், அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்ந்தார்கள், அவர்கள் விடாமல் பிடித்ததால்தான் நாம் இங்கே நிற்கிறோம் என்று இரண்டு மொழியிலும் எழுதினேன். இரண்டு மொழியிலும் அது ஒரேபோல் வந்தது. எனக்கு அப்படி அமைவது குறைவு. அந்தப் பட்டறையில் கழித்த வாரங்கள் இல்லாவிட்டால் அந்த வரிகள் எனக்குக் கிடைத்திருக்காது. கடல் தாண்டி வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது அதில் பாதி இந்த இருவருக்கும் போயிருந்தது.

திறப்பு முடிந்து மூவரும் பஸ்ஸில் திரும்பினோம். உட்கார இடமில்லை. அண்ணனின் இடது கையில் தடி. அக்கா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அவருடைய வலது கையைத் தூக்கி நடுக்கம்பியில் மாட்டிவிட்டார். சட்டைக் கை முழங்கை வரை இறங்கியது. பஸ் எத்தனை வளைவு வளைந்தும் அவர் ஆடவில்லை. நாங்கள் இரண்டு பேரும்தான் ஆடினோம்.

எங்கள் நிறுத்தம் வந்தது. கை கம்பியை விடவில்லை.

"இறங்கறவங்க இறங்குங்க, சீக்கிரம்" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

"நாங்க ரெடிதான். கை கொஞ்சம் யோசிக்குது" என்றார் அண்ணன்.

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் உதவிக்கு எழுந்தார். "உக்காருப்பா, எனக்குப் பழக்கம்" என்று அக்கா சொல்லிவிட்டுச் சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. புடவைத் தலைப்பால் மறைக்கவும் இல்லை. கண்டக்டர் வாய்க்குக் கொண்டுபோன விசிலைக் கீழே இறக்கி, "மெதுவா எடுங்கம்மா" என்றார். கடைசியாகக் கட்டைவிரல் விட்டது. படியில் இறங்கும்போது அண்ணன் திரும்பி அவருக்கு நன்றி சொன்னார். எதுக்கு சார் என்று கேட்டுவிட்டுக் கண்டக்டர் விசில் ஊதினார்.